நிறுத்தச் சொன்னவன்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணனுக்குப் பாப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? விடுதிச் சமையல்காரரிடம் காரத்தைக் குறைக்கச் சொன்னீர்களா, இல்லை வழக்கம்போல் சண்டை போட்டுவிட்டுப் பட்டினி கிடக்கிறீர்களா?

அப்பாவைப் பற்றி நீங்கள் கேட்கமாட்டீர்கள். நானே சொல்கிறேன். இந்தக் குளிருக்கு அவர் தாங்கமாட்டார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆனால் ஆளே மாறிவிட்டார். போன மழையிலிருந்து என் வீட்டுக்காரர் தன் மருந்துக்கடையிலிருந்து தினமும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார். அதைப் போட ஆரம்பித்த பிறகு இளைப்பு என்பதே இல்லை. மாடிக்கு ஏறிப்போய்த் துணி காயவைக்கிறார். மூன்று வேளையும் தட்டைக் காலி செய்துவிட்டு, "வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கிறார். கன்னமெல்லாம் நிறைந்து முகம் நிலா மாதிரி இருக்கிறது. "எமன் வந்தா இப்ப நான் முன்னால ஓடுவேன், அவனுக்குத்தான் மூச்சு வாங்கும்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார்.

நெஞ்சு டாக்டர் எழுதிக் கொடுத்த, வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர் மருந்து மேசை இழுப்பறையில் பிரிக்காமலேயே கிடக்கிறது. "அதைப் பழக்கினா அதுக்கே அடிமையாயிடுவேன்" என்கிறார். வயிறு மட்டும் கொஞ்சம் எரிகிறதாம். அதற்கு ரோஸ் கலர் மருந்தைப் பாட்டிலோடு வாயில் கவிழ்த்துக்கொள்கிறார்.

அவருக்கு ஒரு வரி எழுதக் கூடாதா, அண்ணா? கண் மங்கிவிட்டது, படிக்க முடியாது. காதுதான் உங்களுக்குத் தெரியுமே. இருந்தாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்திப் படித்துக் காட்டுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பா


ஜனவரி 21

பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் வயிறு என்னைப் போலவே இருக்கிறது. எரிகிறது, யாரும் பொருட்படுத்துவதில்லை. துறைத்தலைவர் பதவி எனக்குக் கிடைக்கவில்லை. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால்கூடத் தேறியிருக்க முடியாத ஒருவனுக்குக் கிடைத்தது. அவனுக்கு வேதியியல் தெரியாது. வணக்கம் சொல்லத் தெரியும்.

அப்பாவுக்கு எழுத எனக்கு ஒன்றுமில்லை. என் மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு போன அன்று, பட்டறை முழுக்கக் கேட்கும்படி, "படிச்சவனுக்குப் பொழைக்கத் தெரியலடா" என்று சொன்னவர் அவர். கம்ப்ரசர் சத்தத்தில் அவர் காது போனது. மற்றவர்களுடைய காது போகவில்லை.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று இடிக்கிறது. முப்பது வருடம் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்து, மூக்கில் ஒரு கைக்குட்டைகூட ஒழுங்காகக் கட்டாமல் நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட மனிதர் திடீரென்று மாடி ஏறுகிறார் என்றால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டும். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது? அதில் பெயர் எழுதியிருக்காது என்று எனக்குத் தெரியும். மாத்திரையை உதிர்த்துக் காகிதத்தில் மடிப்பதே பெயர் தெரியக் கூடாது என்பதற்காகத்தான். கடையில் எந்த டப்பாவிலிருந்து எடுக்கிறார் என்று பார்த்து, மேலே இருக்கிற பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதி அனுப்பு. தோலில் கன்றல்கள் இருக்கின்றனவா என்றும் பார்.

உன் முழங்கால் வலி தேவலையா?

அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. முழங்கால் பரவாயில்லை. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

இவரிடம் நேராகவே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. "தெருவுல பாதிப் பேருக்கு இதைத்தான் கொடுக்கிறேன். யாராவது வந்து சட்டையைப் பிடிச்சாங்களா? உங்க அண்ணன் கண்ணாடிக் குழாயைத்தான் பார்த்திருக்காரு, ராவெல்லாம் உக்காந்து இழுக்கிற மனுஷனைப் பார்த்ததில்ல" என்றார். அதோடு இரண்டு நாள் பேச்சில்லை.

பொட்டலத்தில் நான்கு மாத்திரை. மஞ்சள் ஒன்று சளிக்கு, பெரிய வெள்ளை வலிக்கு, இன்னொன்று தும்மலுக்கு. நான்காவது ரொம்பச் சின்னது, பொட்டு அளவுதான். இவர் குளிக்கப் போனபோது அந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். பெயரைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். என் எழுத்து உங்களுக்குப் புரிய வேண்டும்.

கையில் நீலமாக இரண்டு மூன்று இடத்தில் இருக்கிறது. கதவில் இடித்துக்கொண்டாராம்.

ஒன்று சொல்ல வேண்டும், அண்ணா. அவர் மூச்சுக்குத் தவித்தபோது நீங்கள் இங்கே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவார். இவர்தான் முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

பாப்பா


பிப்ரவரி 27

பாப்பா,

நூலகத்தில் பார்த்துவிட்டேன். நான் நினைத்ததுதான். அது ஸ்டீராய்டு. உன் அப்பாவுக்கு வந்திருப்பது சதை அல்ல, வீக்கம். அந்த நிலா முகத்துக்கு மருத்துவப் புத்தகத்தில் படமே போட்டிருக்கிறார்கள். எலும்பைக் கரைக்கும், சர்க்கரையை ஏற்றும், தோலைக் காகிதமாக்கும், கண்ணில் புரை வளர்க்கும். கூடவே வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் புண் விழுந்து ரத்தமே கசியும். அவர் ரோஸ் மருந்தைக் குடித்து அந்தத் தீயின் மேல் துணியைப் போட்டு மூடிக்கொண்டிருக்கிறார்.

முன்னறையில் அந்தக் கடைக்காரருக்கு அப்பா இடம் கொடுத்த அன்றே சொன்னேன். மருந்துப் படிப்பைப் பாதியில் விட்டவர்; சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ் வேறு யாருடையதோ. "நீ கடல் தாண்டிப் போயிட்டே, அவன் கூட இருக்கான்" என்றார் அப்பா. கூட இருந்து செய்த காரியம் இது.

இன்றே நிறுத்து. ஒரு வேளைகூடக் கொடுக்காதே. கடைக்காரர் உடனே, "ஒரேயடியா நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்" என்று ஆரம்பிப்பார். நம்பாதே. வாடிக்கையை ஒரேயடியாக இழக்க எந்த வியாபாரிக்கு மனம் வரும்? விஷத்தை விஷம் என்று தெரிந்த பிறகு யாராவது கரண்டி கரண்டியாகக் குறைப்பார்களா?

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. முழுதாக. கடைக்காரரும் பக்கத்தில் இருக்கட்டும்.

அண்ணன்


மார்ச் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தை அப்பாவுக்குப் படித்தேன். இவரும் இருந்தார்.

அப்பா காதைத் திருப்பி என் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இது பண்டிதன் எழுதினதா?" என்றார். ஆமாம் என்றேன். "எனக்காகவா?" என்றார். ஆமாம் என்றேன். "இன்னொரு தடவ படி."

மறுபடியும் படித்தேன். அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணா. எலும்பு, சர்க்கரை, விஷம் என்று நான் கத்திக்கொண்டிருக்கிறேன், அவர் முகம் கல்யாண வீட்டில் இருப்பதுபோல் இருந்தது. பிறகு எழுந்துபோய்ப் பொட்டலங்களை எல்லாம் அள்ளிச் சாக்கடையில் கொட்டினார்.

இவர், "மாமா, ஒரேயடியா விடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா..." என்று ஆரம்பித்தார். நீங்கள் எழுதிய அதே வார்த்தைகள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பார்த்தியா, அப்படியே சொல்றான்" என்று சிரித்துவிட்டு, "நீ யாவாரிப்பா. அவன் படிச்சவன்" என்றார். இவர் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது கொஞ்சம் சோர்வாகப் படுத்திருக்கிறார். விஷம் இறங்குகிறது என்கிறார். சோர்வு இருக்கும்தானே? எழுதுங்கள்.

பாப்பா


மார்ச் 20

அன்புள்ள பாப்பா,

நான் நலம். வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

சோர்வு இருக்கத்தான் செய்யும். இத்தனை மாதம் பொய்க்கால் கட்டி ஓடிய உடம்பு; கட்டையைப் பிடுங்கினால் நொண்டும், பிறகு தானாக நடக்கும். பயப்படாதே. அவருக்கு வேளாவேளைக்கு நல்ல சாப்பாடு கொடு. இழுப்பறையில் இருக்கும் உறிஞ்சும் மருந்தைப் பிரிக்கச் சொல். அதற்கு யாரும் அடிமையாவதில்லை.

"எனக்காகவா" என்று கேட்டாரா? எப்படிக் கேட்டார்? நீ பாதியைத்தான் எழுதியிருக்கிறாய். பிறகும் ஏதாவது சொன்னால் அப்படியே எழுது. கடைக்காரர் ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. அவர் அங்கேயே இருக்கட்டும். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் என் சொல் ஒன்று எடுபட்டிருக்கிறது. அதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள எனக்கு உரிமை உண்டு.

உடனே பதில் போடு.

அண்ணன்


ஏப்ரல் 2

பாப்பா, அவசரம். இதை வாசித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் காரியத்தைச் செய்.

அப்பாவை உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோ. எத்தனை மாதம் அந்தச் சின்ன மாத்திரையைச் சாப்பிட்டார், எந்த நாளில் நிறுத்தினார் என்று சொல். போகும் வழியிலேயே ஒரு மாத்திரையைக் கொடுத்துவிடு.

நேற்று என் வயிற்றுக்காகக் கல்லூரி டாக்டரிடம் போயிருந்தேன். பேச்சோடு பேச்சாக, அப்பாவை ஒரு போலிக் கடைக்காரரிடமிருந்து காப்பாற்றிய கதையைச் சொன்னேன். ரசித்துச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

"ஒரேயடியாவா நிறுத்தினீங்க?"

"ஆமா."

"சார், நீங்க என்ன பாடம் எடுக்குறீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை அந்த மாத்திரை மாதக்கணக்கில் கொடுத்துவந்தால், உடம்பு சுரப்பதையே மறந்துவிடுமாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உள்ளே ஒன்றுமே இருக்காது. ரத்த அழுத்தம் விழும், வாந்தி வரும், ஆளே போய்விடலாம். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் பார்த்துக் குறைக்க வேண்டும் என்றார். எல்லாம் நான் படித்த அதே புத்தகத்தில்தான் இருக்கிறது, அடுத்த பக்கத்தில். நான் திருப்பவில்லை. எனக்கு வேண்டியது முதல் பக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

கடைக்கு போன் செய்தேன். நேற்று மாலை, இன்று காலை, இப்போது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடைக்காரர் குரலைக் கேட்கக் கூடாது என்று இத்தனை வருடம் அந்த எண்ணைத் தொட்டதில்லை. இப்போது அவர் எடுக்கமாட்டாரா என்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

வர முடியாது. பாஸ்போர்ட் கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறது. தேர்வு முடியாமல் தரமாட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டியவன் அந்தப் புதுத் துறைத்தலைவன்தான். கேட்டுவிட்டேன். அவனுக்கு வணக்கம் சொல்லியே கேட்டேன்.

உன் வீட்டுக்காரர் சொல்வதைக் கேள்.

அண்ணன்


ஏப்ரல் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். மார்ச் கடைசியில் வந்த உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத முடியவில்லை. பதறாதீர்கள். அப்பா மருத்துவமனையில் இருக்கிறார். உயிருக்கு இப்போது பயமில்லை என்கிறார்கள்.

சோர்வுதான் என்று இருந்தேன். பிறகு சோறு வேண்டாம் என்றார். பிறகு வாந்தி. குளியலறையில் விழுந்து கிடந்தார். தூக்கும்போது கோழிக்குஞ்சு மாதிரி தலை தொங்கியது. இவர் கடையை அப்படியே பூட்டிவிட்டு, தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை ஓடினார். அன்றிலிருந்து கடை திறக்கவில்லை.

டாக்டரம்மா கேட்டார்கள். "இவ்வளவு நாளா யாரு இந்த மாத்திரையைக் கொடுத்தது?" இவர், "நான்தான்" என்றார். "யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார்கள். இவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான், "அவராவே நிறுத்திட்டாருங்க" என்றேன்.

உங்களுக்கு போன் செய்யலாம் என்று இவர் சொன்னார். உங்கள் விடுதி எண் எங்களிடம் இல்லை. நீங்கள் கொடுத்ததில்லை.

இப்போது வேறு கஷ்டம். அதே மாத்திரையைத்தான் சாப்பிட வேண்டுமாம். டாக்டரம்மா பார்த்துப் பார்த்து, மாதக்கணக்கில் அளவைக் குறைத்துக் கொண்டுவருவார்களாம். கூடவே உறிஞ்சும் மருந்தும். அப்பா வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார். "பண்டிதன் விஷம்னு எழுதியிருக்கான். அவன் எனக்காக எழுதினது ஒண்ணே ஒண்ணு. அதையும் மீறணுமா?" என்கிறார். கட்டாயப்படுத்தினால் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, நர்ஸ் போனதும் தலையணை உறைக்குள் துப்புகிறார். கஞ்சியில் கரைத்தேன், வாசனையிலேயே கண்டுபிடித்துக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். ஊசியில் ஏற்றுகிறார்கள். கை இரண்டும் வீங்கி, குத்த இடமில்லை. இப்படியே ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

நீங்கள் எழுத வேண்டும், அண்ணா. எனக்கு இல்லை. அவருக்கு.

பாப்பா


ஏப்ரல் 15

அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

இது நான்காவது தாள். முன்னதெல்லாம் கிழித்துவிட்டேன்.

நான் எழுதியது தவறு. மாத்திரை கெடுதல் செய்தது உண்மை. அதை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னது அதைவிடப் பெரிய கெடுதல். பாதி தெரிந்துகொண்டு முழுதும் தெரிந்ததுபோல் எழுதினேன். மாப்பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று சொன்னது சரி. அவர் அதைச் சொல்வார் என்று எனக்குத் தோன்றியது. அது சரியாக இருக்கக்கூடும் என்று மட்டும் தோன்றவில்லை.

டாக்டரம்மா கொடுக்கும் மாத்திரையைச் சாப்பிடுங்கள். காலையில், சாப்பிட்ட பிறகு. அவர்கள் குறைக்கச் சொல்லும் அளவுக்குக் குறையுங்கள், ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள். உறிஞ்சும் மருந்தை எடுத்ததும் வாயைக் கொப்பளியுங்கள். வலி மாத்திரையும் ரோஸ் மருந்தும் அவர்களைக் கேட்காமல் வேண்டாம்.

என்னை மன்னித்துவிடுங்கள். தேர்வு முடிந்ததும் வருகிறேன்.

உங்கள் மகன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

அப்பாவுக்கு எழுதியதைப் படித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தமாக. இவரும் நின்றுகொண்டிருந்தார். "மாப்பிள்ளை" என்று நீங்கள் எழுதியிருந்த இடத்தில் இவர் வெளியே போய்விட்டார்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "யாரு எழுதினது?" என்றார்.

"அண்ணன்பா."

"பொய்."

"உங்க மேல சத்தியமாப்பா."

"பாப்பா, அவன் நாலு வயசுல மூணைத் திருப்பிப் போட்டுட்டு, எல்லாரும் எழுதுறதுதான் தப்புன்னவன். தப்பு பண்ணிட்டேன்னு அவன் எழுதுவானா? மாப்பிள்ளைன்னு எழுதுவானா? எனக்குக் கண்ணு தெரியாதுன்னு உன் புருஷனைக் காப்பாத்த நீயா படிக்கிற."

காகிதத்தைக் கையில் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நர்ஸைப் படிக்கச் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்கும் சொல்லிவச்சிட்டியா?" என்கிறார். கோபம்கூட இல்லை. என்னைப் பார்த்துப் பாவப்படுகிற மாதிரி சிரிக்கிறார். நிறுத்தச் சொன்ன முதல் கடிதம் சட்டைப்பையில் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டி, "இதான் என் பையன்" என்கிறார்.

நேற்று ஊசி குத்த நான்கு இடம் பார்த்தார்கள். மாத்திரைக்கு வராவிட்டால் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டரம்மா இவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்களாம். இவர்தான் இதை உங்களுக்கு எழுதச் சொன்னார்: "உங்க அண்ணன் எப்பவும்போல எழுதட்டும். என்னை என்ன வேணும்னாலும் திட்டட்டும்."

எனக்கு அதைக் கேட்கவே என்னவோ போலிருக்கிறது. இருந்தாலும் சீக்கிரம் எழுதுங்கள், அண்ணா.

பாப்பா


மே 6

அப்பாவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களைப் பற்றிப் பாப்பா எழுதினாள்.

போன மாதம் என் பெயரில் ஒரு கடிதம் வாசித்தார்களாம். மன்னிப்பெல்லாம் கேட்டிருந்ததாம். அதை நான் எழுதவில்லை. நான் எழுதியதில் எப்போது தவறு இருந்திருக்கிறது?

நான் அன்று எழுதியது, அந்தக் கடைக்காரர் கையால் எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று. அது இன்றும் சரி. இரவல் சான்றிதழை மாட்டிக்கொண்டு பொட்டலம் மடிக்கிறவருக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? அவர் கொடுத்தால் அதே மாத்திரை விஷம். மருத்துவமனையில் அளந்து கொடுத்தால் மருந்து. இந்த வித்தியாசம் படித்தவர்களுக்குத் தெரியும். முப்பது வருடம் பெயின்ட்டை மூச்சில் இழுத்தவருக்குத் தெரியாது. அதனால் தெரியாத விஷயத்தில் தலையிடாமல், டாக்டரம்மா தருவதை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். காலையில், சாப்பிட்ட பிறகு. அவர்கள் சொன்னதற்காக இல்லை, நான் சொல்கிறேன் என்பதற்காக.

தலையணை உறைக்குள் துப்புகிறீர்களாம். சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை. வெட்கமாக இல்லையா? எனக்குப் பொழைக்கத் தெரியவில்லை என்று பட்டறையில் நின்று சொன்னீர்களே, உங்களுக்கு ஒரு மாத்திரையை விழுங்கத் தெரியவில்லை. அன்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். அதற்குப் பதில் சொல்ல நீங்கள் இருந்தாக வேண்டும். நான் வரும்போது உட்கார்ந்து என்னோடு சண்டை போடும் நிலையில் இருக்க வேண்டும். பாதியில் நழுவிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

பாப்பா இதை வாசித்து முடித்ததும் மாத்திரை கொடுப்பாள். கன்னத்தில் ஒதுக்காமல் விழுங்கிவிட்டு, வாயைத் திறந்து அவளிடம் காட்டுங்கள். நாக்கைத் தூக்கியும் காட்டுங்கள்.

நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

உங்கள் மகன்